பகலில் சாத்திய கதவு

திருவொற்றியூரில் எங்கள் குப்பத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். என் பள்ளித் தோழன் தண்டபாணி, படகு இன்ஜின் மெக்கானிக். அவன் அம்மா இறந்த மாதம் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். அரை மணி நேரத்தில் வாசலில் பத்துப் பேர்.

"நிம்மதியா அழக்கூட வுடமாட்டானுங்க மாமு. ஒரே பேஜாரு," என்று அலுத்துக்கொண்டான்.

எனக்கு வயிறு எரிந்தது. போன குளிர்காலம், நான் இப்போது வசிக்கும் டொரண்டோவில், பதினோரு நாள் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஒருவரும் தட்டவில்லை. கடைசியில் நானே டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கிக்கொண்டேன்.

இந்த முறை ஊருக்கு வந்து அவன் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். நேற்று அவன் எண்ணூருக்கு வேலைக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். நானும் இங்கே பிறந்தவன்தானே, யார் வருகிறார்கள் பார்ப்போம் என்று.

கால் மணி நேரத்தில் கதவைத் தட்டினார்கள். ஓடிப்போய்த் திறந்தேன். பக்கத்து வீட்டு மங்கை, அவள் பின்னால் நான்கு பேர்.

"தண்டபாணிக்கு இன்னா ஆச்சு?"

"அவன் வேலைக்குப் போயிருக்கான். நான்தான் படுத்திருந்தேன்."

"அப்பாடா, நீங்கதானா," என்று மூச்சு விட்டாள்.

எல்லோரும் போய்விட்டார்கள். கதவை மறுபடி நான் சாத்தவில்லை.