கயிறு கட்டி ஓடிய நாயக்கனேரி மலைச்சாலை

கவிதாவுக்கு அந்தப் பதில் வந்தது பொங்கல் முடிந்த வாரம். பக்கத்து மாவட்டத்தில் நடக்கவிருந்த பத்து கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். "ஏறும் பாதியை நீங்கள் ஓடலாம். இறங்கும் பாதிக்கு எங்கள் வேனில் வந்துவிடுங்கள், உங்கள் பாதுகாப்புக்காக" என்று எழுதியிருந்தார்கள். போன் அதை வாசித்துக் காட்டியது. இன்னொரு முறை வாசிக்கவிட்டுக் கேட்டாள். பிறகு அவர்களையே அழைத்து, "நான் இறங்கி ஓடுவேன்னு உங்களுக்கு எப்படிக் காட்டணும்?" என்று கேட்டாள். ஏதாவது ஒரு மலைச்சாலையில் நிற்காமல் ஓடி இறங்கும் வீடியோவை மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொன்னார்கள். நாங்கள் நாயக்கனேரிக்குப் போனது அதற்காகத்தான்.

என் பெயர் ரெபேக்கா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். கவிதா எங்கள் தெருக்காரி, வங்கியில் வேலை. கல்லூரியில் படிக்கும்போது விழித்திரை நோயில் அவளுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. மூன்று வருடமாகச் சேர்ந்து ஓடுகிறோம். அவளுடைய வலது கையையும் என் இடது கையையும் ஒரு தடித்த பூட்ஸ் லேஸ் இணைத்திருக்கும். வண்டிகள் வரும் பக்கம் எப்போதும் நான். சமதரையில் இருபது கிலோமீட்டர்கூட ஓடியிருக்கிறோம். மலையில் ஏறியும் இருக்கிறோம். இறங்கியது மட்டும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்கு சொல்லி வண்டியில் இறங்க வைத்தது நான்தான்.

ஏலகிரி எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டும். நாயக்கனேரி சாலையில் போக்குவரத்து கம்மி. காலையில் பால்காரர்கள், ஒரு பஸ், சில பைக்குகள், அவ்வளவுதான். எங்கள் தெருமுனையில் ஆட்டோ நிறுத்தும் அன்வர் பாயிடம் பேசினோம். போக வர, கூடவே மெதுவாக ஓட்டி வர, வீடியோ எடுக்க, எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய்.

"இன்னாம்மா, கண்ணு தெரிஞ்சவங்களே அந்த எறக்கத்துல பிரேக்க அமுக்கினு வர்றாங்க," என்றார்.

"அவங்க பிரேக்குதான பாய் அமுக்குறாங்க? எனக்கு அதுவும் கிடையாது," என்றாள் கவிதா. பாய் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அடிவாரத்தில் இறங்கும்போது கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. ஊருக்குள் எப்போதும் இருக்கும், தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை அங்கே சுத்தமாக இல்லை. பனியும் ஈரமண்ணும்தான். ஆறு மணி சுமாருக்கு ஓட ஆரம்பித்தோம். அடிவாரத்திலிருந்து மேலே ஊர் வரை என் வாட்ச் ஏழு கிலோமீட்டர் காட்டியது.

முதல் இரண்டு கிலோமீட்டர் சுலபமான ஏற்றம், தார் நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு கொண்டை ஊசி வளைவுகள். உள்வளைவில் சரளைக்கல் சிதறிக் கிடக்கும், நடுச்சாலையை ஒட்டி ஓடுவது நல்லது. நான் முன்கூட்டியே சொல்லிக்கொண்டே போவேன்: "பத்தடியில வலது வளைவு... கல்லு இருக்கு, கால தூக்கி வை... இப்போ நேர்." ஏற்றத்தில் கவிதா என்னைவிட வலுவானவள். நாலாவது கிலோமீட்டரில் எனக்கு மூச்சு வாங்கியது, அவள் முந்திக்கொண்டிருந்தாள்.

மொபெட்டில் பால்கேன் கட்டிக்கொண்டு இறங்கி வந்த ஒருவர் எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "இன்னாமா, அந்தப் பொண்ண ஏன் கயிறு கட்டி இழுத்துனு போற?"

எனக்கு முன்னால் கவிதாவே பதில் சொல்லிவிட்டாள். "நல்லா பாருண்ணா. யாரு யார இழுத்துனு போறா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். வண்டியைக் கிளப்பினார்.

ஏழே கால் மணிக்கு மேலே ஊர் வந்துவிட்டது. டீக்கடையில் டீ, சூடான போண்டா. கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். கிளம்பலாம் என்று சொல்லாமல் நான் இன்னொரு டீ சொன்னேன். கவிதா ஷூ லேஸை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இறங்க ஆரம்பித்தோம். பாய் பின்னால் ஆட்டோவில், கைப்பிடியில் மாட்டிய போனில் படம் எடுத்தபடி வந்தார். இறக்கத்தில் கவிதாவின் வேகம் தானாகக் கூடியது. நான் கயிற்றைப் பின்னால் இழுத்துப் பிடித்தேன். வளைவு வரும்போதெல்லாம் இன்னும் இழுத்தேன். பேச மறந்துபோனேன். ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியிருப்போம். ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. பதறி ஒரே இழுப்பாக இழுத்தேன். கவிதா நிலைதடுமாறி விழுந்தாள். இடது முழங்காலும் உள்ளங்கையும் தார்ச்சாலையில் உரசிவிட்டன. அந்த இடத்தில் சாலை அகலம், பஸ் எங்களைக் கடந்து நிதானமாகவே போனது. அதற்கு வழிவிட்டு நாங்கள் ஓரமாக நின்றிருந்தாலே போதும். அவளை விழவைத்தது என் கை.

பாய் ஓடி வந்தார். "போதும்மா. ஏறு வண்டில. வீட்ல கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? பேஜாராய்டும்."

கவிதா ரோட்டிலேயே உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவினாள். ரத்தம் கசிந்தது, ஆனால் காலை மடக்கி நீட்ட முடிந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

"நீ பயப்படுறது எனக்குக் கயித்துல தெரியுதுடி," என்றாள். "ஏறும்போது வாயால சொல்ற. எறங்கும்போது கையால சொல்ற. கை சொல்றது எனக்கு லேட்டா வருது. வாயால சொல்லு, போதும்."

"இன்னொரு நாள் பாத்துக்கலாம் கவி."

"இன்னொரு நாள்னா இத்த விட ஜாஸ்தி பயப்படுவ. பாய், வண்டிய திருப்புங்க. மேல போய் முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறோம்."

பாய் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே எழுந்து ஆட்டோவைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். மேலே போகும் வழியில் பாயே ஒரு யோசனை சொன்னார். "நான் பின்னால வந்து இன்னா பிரயோஜனம்? முன்னால போறேன். ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிச்சி நிக்கிறேன். ரோடு காலின்னா ஒரு ஹாரன், வண்டி வந்தா ரெண்டு." போனை வண்டியின் பின்பக்கக் கம்பியில் எங்களைப் பார்க்கும்படி மாட்டினார்.

மறுபடி டீக்கடையிலிருந்து தொடங்கினோம். நான் கயிற்றைத் தொய்வாக விட்டேன். விட்டேன் என்று எழுத ஒரு வரி போதும், செய்ய என் பலம் முழுக்கத் தேவைப்பட்டது. வாய் ஓயாமல் பேசினேன். "இடது வளைவு, பெருசு, சின்ன அடியா வை... சரளை, வலது பக்கம் வா... நேர், நூறடி நேர், போ." ஒரு ஹாரன் கேட்டால் அவள் காலை எட்டிப் போட்டாள். இரண்டு கேட்டால் தானே வேகத்தைக் குறைத்து என் பக்கம் ஒட்டினாள். மூன்றாவது கிலோமீட்டருக்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயந்தபடியே ஓடக் கற்றுக்கொண்டேன். கடைசி நேர்ச்சாலையில் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பெரும்பாடு பட்டேன். அடிவாரத்தில் நின்றபோது, வழியெல்லாம் கத்தியதில் என் குரல் கம்மியிருந்தது. கவிதா கைகளை விரித்து, "இன்னொரு கிலோமீட்டர் இருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றாள்.

வீடியோ இரண்டையும் அனுப்பினோம். விழுந்ததையும் அனுப்பச் சொன்னது கவிதாதான். ஐந்தாம் நாள் பதில் வந்தது. முழு தூரமும் ஓடலாம், முன்னால் ஒரு பைக் போகும் என்று.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். எட்டு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று ஏறும், ஆறு மணிக்குள் தொடங்கிவிடுங்கள். பாதி வழிக்கு மேல் எங்களுக்கு போன் சிக்னல் கிடைக்கவில்லை. நடுவில் கடையோ குழாயோ இல்லை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். அடி தேய்ந்த ஷூவோடு இறங்க வேண்டாம். தனியாகப் போகாதீர்கள். பார்வையில்லாத ஒருவரோடு ஓடுகிறீர்கள் என்றால், இறக்கத்தைச் சின்னச் சரிவுகளில் முதலில் பழகுங்கள். ரயில்வே மேம்பாலம்கூடப் போதும். அதைச் செய்யாமல் நேராக மலைக்கு வந்ததுதான் எங்கள் தவறு.

இந்தப் பதிவை ஏற்றுவதற்கு முன் கவிதாவுக்கு அனுப்பினேன். போனில் முழுக்கக் கேட்டுவிட்டு அழைத்தாள். ஓரிடத்தில் 'அவளுடைய துணிச்சல்' என்று எழுதியிருந்தேன்.

"அத்த எடுத்துடு. மூணு வருஷமா காலைல நாலரைக்கு எழுந்து ஓடுறோம். அத்த எழுது."

எடுத்துவிட்டேன். மூன்று வருடமாகக் காலை நாலரைக்கு எழுந்து ஓடுகிறோம்.