ஃபோர்ஸ் போட்ட லைப்ரரியும் மரக்காணத்துப் பழைய போன்களும்

1. சிவப்பு எழுத்து

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு என் திரை முழுவதும் சிவப்பு எழுத்து. புதன்கிழமை மரக்காணத்தில் டெமோ.

பெரிய முதலியார்சாவடியில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். மொபைல் ஆப் எழுதித் தருவது தொழில். ஆண்ட்ராய்டு பக்கம் முழுவதும் என் பொறுப்பு. அந்த முறை வந்தது மின்னல் எச்சரிக்கை ஆப். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் சங்கம் கேட்டிருந்தது. உப்பளத்தில் மரம் கிடையாது, சுவர் கிடையாது. பாத்தியில் நின்று உப்பு வாரும்போது அந்த வெட்டவெளியில் உயரமாக நிற்பது மனிதர் மட்டும்தான். முந்தின கோடையில் ஒரு பெண் அப்படி நின்ற இடத்திலேயே மின்னல் தாக்கிக் கருகிப் போயிருந்தார். மின்னல் நெருங்கினால், போன் சைலன்டில் இருந்தாலும் அலற வேண்டும். அதுதான் ஆப்.

மின்னல் எங்கே விழுகிறது என்ற தகவலை ஒரு வெளி நிறுவனம் தந்தது. தகவலை வாங்க அவர்களுடைய லைப்ரரியை எங்கள் ஆப்பில் இன்ஸ்டால் செய்ய வேண்டும். லைப்ரரி என்றால் அடுத்தவர் எழுதி மூட்டை கட்டிக் கொடுத்த நிரல். அதற்கு இன்ன வெர்ஷன் துணை நிரல் வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதியிருக்கும். எங்கள் புராஜெக்டில் இருந்தது பழைய வெர்ஷன். அதனால்தான் இன்ஸ்டால் ஆக மறுத்தது.

மேனேஜர் பிரகாஷ் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னாச்சு ஸ்டெல்லா, இன்னும் ஏறலையா?"

"வெர்ஷன் ஒத்துப்போகல சார். ஒவ்வொண்ணா பார்க்கணும். ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாள் எங்க இருக்குது? ஃபோர்ஸ் போட்டு ஏத்திடுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

ஃபோர்ஸ் என்று ஒரு கட்டளை உண்டு. ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை, கேள்வி கேட்காமல் ஏற்று என்று அர்த்தம். வேண்டாம் என்று ஒரு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லவில்லை. டைப் அடித்தேன். சிவப்பு எழுத்து மறைந்தது. அலுவலகத்தில் இருந்த மூன்று புது போன்களிலும் ஆப் நன்றாகவே ஓடியது. சொன்னது அவர் என்றாலும் அடித்தது என் விரல். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை.

2. பதினொரு போன்

டெமோ நடந்தது உப்பளத்து ஓரம் ஒரு தகர ஷெட்டில். வெளியே பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. காலையிலேயே உப்பு வாரி முடித்துவிட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். சங்கத் தலைவி தனலட்சுமி கையில் வெடிப்பும் உப்புமாகவே நாற்காலியில் உட்கார்ந்தார். பதினொரு பேர் போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன்.

நான்கு போனில் திறந்தது. ஏழு போனில் தொட்ட உடனே மூடிக்கொண்டது. மறுபடி தொட்டால் மறுபடி மூடிக்கொண்டது.

பிரகாஷ் சார் தனலட்சுமியின் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தது. சார்ஜ் போடும் துளை உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது.

"இது ரொம்ப பழைய மாடலும்மா. புது போன் வாங்கிட்டா பிரச்சனையே இருக்காது."

தனலட்சுமி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார்.

"இந்த உப்புத் தண்ணில புது போன் எத்தினி நாளு தாங்கும் சார்? இதே போன்லதான் என் பொண்ணு வெளிநாட்டுலேர்ந்து முகம் பார்த்துப் பேசுது. படம் ஓடுது. பாட்டு பாடுது. உங்க ஆப்பு மட்டும் ஓடலன்னா, கோளாறு போன்லயா?"

பிரகாஷ் சார் என்னைப் பார்த்தார். போன் பழசுதான் என்று நான் ஒத்துப் பேச வேண்டும், அதற்கான பார்வை.

"போன்ல கோளாறு இல்லங்க. கோளாறு எங்க ஆப்புல இருக்குது. ஒரு லைப்ரரிய சரியா பார்க்காம நான் ஏத்திட்டேன்" என்றேன்.

பிரகாஷ் சார் முகம் சிவந்தது. தனலட்சுமி தன் போனை அவரிடமிருந்து வாங்கி என் கையில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்க. வச்சிப் பாருங்க. நாலு நாளு போன் இல்லன்னா நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்."

3. சைன்

அலுவலகம் வந்ததும் அந்த போனைக் கணினியில் மாட்டி லாக் பார்த்தேன். ஆப் மூடும்போது போன் என்ன சொல்லிவிட்டு மூடுகிறது என்பது அதில் இருக்கும். எல்லோரும் கடைசி வரியைப் பார்த்துத் தேடுவார்கள். நான் மேலிருந்து வந்தேன். எட்டாவது வரியில் இருந்தது: அந்த லைப்ரரியின் ஒரு ஃபைல் இல்லை. மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். புது வெர்ஷனில் புது ரகமான 64 பிட் போனுக்கான ஃபைல் மட்டும் வைத்திருந்தார்கள். பழைய ரகமான 32 பிட் போனுக்கானதை எடுத்துவிட்டார்கள். ஷெட்டில் குறித்துக்கொண்டு வந்த மாடல் பெயர்களைப் பார்த்தேன். அந்த ஏழு போனும் 32 பிட்.

பிரகாஷ் சாரிடம் சொன்னேன். அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ ஈஸி. 64 பிட்டுக்கு மட்டும்னு ரிலீஸ் பண்ணிடலாம். மத்த போனுக்கு ஸ்டோர்ல ஆப்பே காட்டாது. கம்ப்ளைன்ட்டும் வராது."

"கம்ப்ளைன்ட் வராது சார். மின்னல் வரும்."

"சென்டிமென்ட் பேசாதீங்க. வெள்ளிக்கிழமை ரிலீஸ். சைன் பண்ணிக் குடுங்க."

எந்த ஆப்பும் ஸ்டோருக்குப் போகும் முன் டிஜிட்டல் கையெழுத்து போட வேண்டும். அதற்கு சைன் செய்வது என்று பெயர். அதற்கான கீ, அதாவது டிஜிட்டல் சாவி, என் பொறுப்பில் இருந்தது.

"சைன் பண்ண மாட்டேன் சார்."

"அப்போ ரிசைன் பண்றீங்களா?"

"சைனும் பண்ண மாட்டேன். ரிசைனும் பண்ண மாட்டேன். திங்கக்கிழமை வரைக்கும் குடுங்க. இல்லன்னா அந்த கீய என்கிட்டேர்ந்து எடுத்து வேற யாருக்காச்சும் குடுத்துக்கங்க. ஆனா ஏன் எடுத்தீங்கன்னு மெயில்ல எழுதிட்டு எடுங்க."

அவர் மெயில் எழுதவில்லை. கீயையும் எடுக்கவில்லை.

4. நான்கு நாள்

வேலை ரகசியம் ஒன்றுமில்லை. ஃபோர்ஸில் ஏற்றிய எல்லாவற்றையும் அழித்தேன். அந்த லைப்ரரியில் 32 பிட் ஃபைல் உள்ள முந்தைய வெர்ஷனைத் தேடி, அந்த வெர்ஷன் எண்ணையே பிடித்து வைத்தேன், தானாக மேலே ஏறிவிடாதபடி. நிரலை எல்லாம் சேர்த்து ஆப்பாக்கும் பில்ட்டை ஓட்டினேன். வேறு சிவப்பு. ஒரே பெயரில் இரண்டு நிரல் இருக்கிறது என்றது. அந்தப் பழைய மூட்டைக்குள் இருந்த ஒரு துணை நிரலையே போன் இருக்கும் இடத்தைக் கண்டறியும் எங்கள் லொகேஷன் லைப்ரரியும் கொண்டுவந்திருந்தது. ஒன்றை விலக்கினேன். மறுபடியும் அதே எரர். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, கணினி பழைய நகலைக் கேஷில் வைத்துக்கொண்டு அதையே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. கேஷைத் துடைத்தேன்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். செய்ததை நோட்டில் எழுதினேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகாமல் அலுவலகம் போனேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்த டேப் ஒட்டிய போனில் ஆப் திறந்தது. மூடவில்லை. சோதனை எச்சரிக்கை அனுப்பினேன். அது அலறிய அலறலில் கீழ்த்தளத்து டீக்கடைக்காரர் மேலே ஓடி வந்தார்.

பிரகாஷ் சார் கதவருகே நின்று கேட்டுவிட்டு, "சரி, சைன் பண்ணுங்க" என்றார். பண்ணினேன்.

5. மதிப்பீடு

அந்த வருடம் என் மதிப்பீட்டுத் தாளில் அவர் எழுதியது: வேலை தெரியும், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. திருத்திக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கட்டம் காலியாக விட்டிருந்தார்கள். "இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு பிற்பகல் தனலட்சுமி கூப்பிட்டார். பின்னால் தகரத்தில் மழை அடிக்கும் சத்தம்.

"மேடம், ஆப்பு கத்திச்சி. வானம் அப்போ வெளுப்பாத்தான் இருந்துச்சு. நம்பவா வேணாமான்னு ஒரு நிமிஷம் நின்னேன். அப்புறம் எல்லாரையும் உப்பு வாருற பலகைய போட்டுட்டு ஓடுங்கடின்னு சொல்லிட்டேன். பதினொரு பேரும் ஷெட்டுக்குள்ள இருக்கோம்."

"மின்னல் விழுந்துச்சாங்க?"

"எங்கயோ விழுந்துச்சு. எங்க மேல விழல."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இன்ஸ்டால் எரர் வந்தால் முதல் வரியிலிருந்து படியுங்கள். ஃபோர்ஸ் போடு என்று மேலே இருப்பவர் சொன்னால், யாருடைய போனில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சைன் போடாதீர்கள். வேலை போய்விடும் என்று பயமாகத்தான் இருக்கும். எனக்குப் போகவில்லை. போயிருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை நான் சைன் போட்டிருக்க மாட்டேன்.