நமசிவாயத்தாரின் கிணற்று மீன்கள்

கடல்மீன் என்றால் குழம்பு, கிணற்று மீன் என்றால் குடும்பம். சண்டிலிப்பாய் நமசிவாயத்தின் கணக்கு இதுதான். வெங்காயத் தோட்டத்து ஓரமாக இருக்கும் கிணற்றில், நுளம்பாகும் முன்னே குடம்பிப் புழுக்களைத் தின்னட்டும் என்று அவர் விட்ட கெண்டைக் குஞ்சுகள் இப்போது உள்ளங்கை அளவுக்குக் கொழுத்துவிட்டன. காலையில் அவர் ஒரு பிடி சோற்றோடு எட்டிப் பார்த்தால் போதும், வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். வீட்டுக்கு யார் வந்தாலும் மனுசன் முதலில் கிணற்றடிக்குத்தான் கூட்டிப்போவார்.

மகள் கோபிகா கைக்குழந்தையோடு வந்து தங்கியதும் அவருடைய பெருமை இரட்டிப்பானது. பேரனுக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரை வேறு யாரையும் அள்ள விடமாட்டார்.

அன்று குழந்தையை நிறுக்க வந்த குடும்பநல உத்தியோகத்தர் வித்தியா, பால் போத்தலைக் கண்டதும் முகம் மாறினாள்.

"ஐயா, போன மாசம் உங்கடை கிணத்திலை எடுத்த தண்ணியைச் சோதிச்சவை. உரத்தின்ரை நைத்திரேற்று கூடவாம். பிள்ளைக்கு இனி இதைக் குடுக்காதையுங்கோ. உடம்பு நீலம் பாரிச்சுப்போகும்."

நமசிவாயத்துக்குச் சிரிப்பு வந்தது. "மீனே நிண்டு சீவிக்கிற தண்ணி, பிள்ளை!"

"மீன் தாங்கும் ஐயா. பச்சைப்பிள்ளை தாங்காது."

"கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம்?"

"தண்ணிதான் ஆவியாப் போகும். கொதிக்கக் கொதிக்க அது கூடுமேயொழியக் குறையாது."

அவருக்குத் தலை சுற்றியது. கொதித்தால் கூடுமா? இது என்ன தலைகீழ் நியாயம்?

"அப்ப மீன் எப்பிடிக் கொழுத்தது?"

"நீங்கள் வெங்காயத்துக்குப் போட்ட உரம் மண்ணுக்காலை கிணத்துக்கு இறங்கியிருக்கு. அதிலை பாசி பிடிச்சிருக்கு. பாசியைத் திண்டு மீன் கொழுத்திருக்கு."

நமசிவாயம் எழுந்து தொட்டிலடிக்கு ஓடினார். குழந்தையின் உதடு நீலமா, சிவப்பா? ஒருமுறை பார்த்தால் நீலம், மறுமுறை பார்த்தால் சிவப்பு. யன்னல் சீலையின் நிழலாக இருக்குமோ? சீலையை விலக்கிவிட்டுப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

"இப்ப ஒரு குறையும் இல்லை ஐயா," என்றாள் வித்தியா. "இனிப் பிரதேச சபை வண்டியிலை வாற தண்ணியைப் பாவியுங்கோ."

கோபிகா போத்தலிலிருந்த பாலை முற்றத்தில் ஊற்றினாள். அது அவர் காலையில் அள்ளிக் கொடுத்த தண்ணீர். அவள் ஏசியிருந்தாலாவது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னேரம் கால் பழக்கத்தில் தோட்டத்துக்கு நடந்தது. வெங்காயம் உரம் கேட்டு மஞ்சளடித்துக் கிடந்தது. உரப் பையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளியவர், போடுவதா விடுவதா என்று தெரியாமல், மூடிய கையோடு கிணற்றை எட்டிப் பார்த்தார்.

அவருடைய தலையைக் கண்டதும் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. கையில் இருப்பது சோறென்றே அவை நினைத்தன. இவ்வளவு நாளும் உரத்தைப் பற்றி அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.