விசிட் விசாவில் வந்த மகன்

அஜ்மானில் நான் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்தபோது, பட்டத்தோடும் அனுபவச் சான்றிதழோடும் என் கணவரின் கடிதம் ஒன்றையும் கேட்டார்கள். மனைவி வேலை பார்ப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். அவர் கம்பெனி விசாவில் இருக்கிறார். நானும் பிள்ளைகளும் அவருடைய விசாவில் இருக்கிறோம். எங்களுக்கு அவர்தான் கஃபீல், அதாவது பொறுப்பாளி. "ஒழுங்கா சோறு போடு, இல்லன்னா கடிதத்தத் திரும்ப வாங்கிருவேன்" என்று கேலி செய்தபடியே எழுதிக் கொடுத்தார். அப்போது சிரிக்க முடிந்தது.

எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள், வித்யாவும் விக்னேஷும். பதினெட்டு முடிந்ததும் இந்த நாட்டின் சட்டம் இருவரையும் பிரித்துவிட்டது. பெண் கல்யாணமாகும்வரை அப்பாவைச் சார்ந்தவள். படித்தாலும் சரி, வீட்டில் இருந்தாலும் சரி. பையன் கல்லூரியில் படிக்கிறான் என்று ஆண்டுதோறும் சான்றிதழ் காட்டினால்தான் சார்ந்தவன். வித்யா வீட்டிலிருந்தே தபால்வழியில் பி.காம் படித்தாள், அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. விக்னேஷ் திருச்சியில் இன்ஜினியரிங் சேர்ந்தான். வெளிநாட்டில் இருப்பவரின் பிள்ளை என்று, அப்பாவின் விசா நகலைப் பார்த்துத்தான் அங்கே இடமே கொடுத்தார்கள்.

இரண்டாம் ஆண்டில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஹாஸ்டலில் படுத்த படுக்கையாகக் கிடந்ததில் வருகைப்பதிவு குறைந்து, பரீட்சை எழுத விடவில்லை. அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு வந்து சேரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். எலும்பும் தோலுமாக அஜ்மானுக்கு வந்தவனுக்கு எண்ணெய் இல்லாமல் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவன் விசா முடிகிற தேதி நெருங்கியது. கல்லூரிக்குப் போன் செய்தேன்.

"மேடம், இந்த வருஷம் அவன் பேரே ரோல்ல இல்ல. நான் எப்படி போனஃபைட் குடுக்கிறது?" என்றார் அலுவலகக்காரர். "பிள்ளதான் உங்ககூட இருக்கானே, அப்புறம் எதுக்கு சர்டிபிகேட்டு?"

ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு நானும் கணவரும் விசா அலுவலகத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என் மாணவிகளின் அக்கா வயது இருக்கும். "டாட்டர், நோ ப்ராப்ளம். சன், பிக் மேன். காலேஜ் லெட்டர் மாஃபி, விசா மாஃபி" என்றாள். கடிதம் இல்லையென்றால் விசாவும் இல்லை. இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள், ட்வின்ஸ் என்றேன். ஒருத்திக்கு உள்ளது மற்றவனுக்கு எப்படி இல்லாமல் போகும் என்று கேட்பதாக எனக்கு நினைப்பு. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ட்வின்ஸ்! மாஷா அல்லாஹ்" என்று வாழ்த்திவிட்டு, அதே சிரிப்போடு காகிதங்களை என் பக்கம் தள்ளினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கணவரின் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் மலையாளி ஹம்சா பாய்தான் வழி சொன்னார். "சேச்சி, விசா கேன்சல் ஆக்கி மோனை கிஷ் தீவுக்கு அயச்சா மதி. அங்க வெயிட் செய்யட்டும், விசிட் விசா எடுத்துத் தராம்." மகனை அங்கே அனுப்பினால் போதும், அவரே விசிட் விசா எடுத்துத் தருவாராம். கிஷ், கடலுக்கு அந்தப் பக்கம் ஈரானுக்குச் சொந்தமான தீவு. விசா மாற்றுபவர்கள் விமானத்தில் போய்க் காத்திருந்து திரும்பும் இடம்.

நடந்தாலே மூச்சு வாங்குகிறவனைத் தனியாக அனுப்பினேன். கஞ்சி மாவும் கீழாநெல்லிப் பொடியும் கட்டிக் கொடுத்தேன். வித்யா அவன் பெட்டியை மூடிக்கொண்டே, "நான் கல்யாணமே பண்ணலன்னா கிழவியானாலும் அப்பா டிபெண்டன்ட்தான். நீதான்டா பெரிய மனுஷன், போயிட்டு வா" என்றாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊருக்கு வரும்போதெல்லாம் "அங்கேயே செட்டில் ஆயிட்டீங்களா?" என்று கேட்கிறீர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். இங்கே யாரும் செட்டில் ஆவதில்லை. நம்முடைய வாலிபத்தையெல்லாம் வாங்கிக்கொள்வார்கள். நோயில் கிடக்கும் பிள்ளையை நம் வீட்டில் படுக்கவைக்க மட்டும் அனுமதி கேட்க வேண்டும். நம் நாடு மேல் என்றும் சொல்ல மாட்டேன். காமாலையில் கிடந்தவனை வகுப்புக்கு வரவில்லை என்று வெளியே தள்ளியது நம் ஊர்க் கல்லூரிதான்.

கிஷ்ஷில் ஓர் அறையில் ஆறு பேர். விக்னேஷ் போனில் சொன்னான்: "ராமநாதபுரத்து அண்ணன் ஒருத்தர் இருக்காரும்மா, மேஸ்திரி. தம்பி எந்தக் கம்பெனிக்குப் போறேன்னு கேட்டாரு. வீட்டுக்குப் போறேன்னேன். ரூமே சிரிச்சிருச்சு. வேலைக்குப் போறவன்தான் இங்க வந்து கிடப்பான், வீட்டுக்குப் போறவன் ஏன்டா கிடக்கணும்னு கேக்கறாங்க." அவனும் சிரித்தான். கஞ்சி குடித்தாயா என்று கேட்டேன்.

விசா வந்தது. துபாய் விமான நிலையத்தில், கையில் பெயர் அட்டை பிடித்து நின்றவர்களுக்கு நடுவே நாங்களும் நின்றோம். அவன் மெதுவாக வந்தான். விசிட் விசாக்காரர்களுக்குக் கண்ணைப் படம் எடுக்கிறார்களாம். அந்த வரிசையில் நின்று வந்ததாகக் காரில் சொன்னான்.

"அந்த ஆபீசர் ரொம்ப டீசன்ட்மா. யூஏஇக்கு ஃபர்ஸ்ட் டைமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். வெல்கம்னாரு."

அவனுடைய பாஸ்போர்ட் என் மடியில் இருந்தது. பிறந்த இடம் அஜ்மான் என்று அதில் அச்சடித்திருக்கிறது. கணவர் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். ஷார்ஜாவைத் தாண்டும்போது, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அப்பா, நேராப் போகாதீங்க, ஜாம் இருக்கும். இப்படி உள்ளே திரும்புங்க. இங்கேருந்து நான் வழி சொல்றேன்."