ஒச்சம்மாள் வீட்டு நிலைவாசல்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். ஒச்சம்மாள் கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்துவிட்டாள். மகள் கற்பகத்தைத் தேனியில் நாத்தனார் மகனுக்கே கட்டிக்கொடுத்தாள். வீட்டைத்தான் ஊருக்கெல்லாம் கட்டினாளே தவிர, தனக்கென்று ஒன்று வாய்க்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து புருஷனோடு கொச்சிக்கு வந்து சித்தாள் வேலையில் இறங்கியவள். வைட்டிலாவில் எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளில் எத்தனைக்குத் தன் தலை கலவை சுமந்தது என்று அவளுக்கே தெரியாது. குடியிருந்ததோ மட்டாஞ்சேரிச் சந்தில் ஒரு வாடகை அறை. கடல் ஏற்றத்தின்போது உப்புத்தண்ணீர் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து கட்டில் காலை நனைக்கும்.

புருஷன் போனதும் இந்த வேலையில்தான். களமசேரியில் சாரம் சரிந்து விழுந்தார். அதற்குக் கிடைத்த பணத்தில் சந்துக்குப் பின்னாலேயே ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டாள். மேலே ஒரு கல் வைக்க வழியில்லாமல் அது வருஷக்கணக்காகப் புல் முளைத்துக் கிடந்தது.

வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித்தரும் ஒரு சங்கத்துக்காரர்கள் அவளைத் தேடி வந்தது போன மழைக்குப் பிறகு. வேலைக்கு அயர்லாந்திலிருந்து ஒரு கூட்டம் வரும், வீட்டுக்காரரும் கூடவே நின்று உழைக்க வேண்டும், அதுதான் நிபந்தனை என்றார்கள். உழைப்பதற்கு நிபந்தனையா என்று ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தவர்கள் சொந்தக் காசில் விமானம் ஏறி, லீவு போட்டு, செங்கல் சுமக்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது சந்தே வாயில் கைவைத்தது. நம்ம ஆளுங்க கூலிக்காகக் கடல் தாண்டிப் போறாங்க, இவங்க கூலி இல்லாம கடல் தாண்டி வர்றாங்க, நல்ல உலகம்தான் என்று பக்கத்து வீட்டு ஜுமைலா எல்லாருக்கும் சாயா ஊற்றிக்கொடுத்தாள்.

வந்தவர்களில் நோரா என்பவள் ஒச்சம்மாள் வயசுக்காரி. வெயிலில் முகம் சிவந்து தோலுரிந்தது. ஒச்சம்மாள் ஒரு துண்டைச் சும்மாடாகச் சுருட்டி அவள் தலையில் வைத்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஜோடி. இவள் கல்லை எடுத்துக் கொடுக்க அவள் வாங்கி அடுக்குவாள். பேச்சு என்று ஒன்றுமில்லை. சங்கத்துப் பெண் ஸுப்ரியா பக்கத்தில் இருந்தால் மலையாளத்திலும் அரைத் தமிழிலும் மொழிபெயர்ப்பாள், இல்லாவிட்டால் கைஜாடைதான்.

நிலை வைக்கும் நாள் வந்தது. வாசக்காலுக்கு ஒரு சுமங்கலி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, அடியில் நவதானியம் போட்ட பிறகுதான் கொத்தனார் அதைத் தூக்கி நிறுத்துவார். தாலியறுத்தவள் கிட்டே வரக் கூடாது, அது அவள் வீடாகவே இருந்தாலும். ஒச்சம்மாள் இதைத் தர்க்கம் பண்ணியதில்லை. மகள் கல்யாணத்திலேயே மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்றுதான் தாலி கட்டுவதைப் பார்த்தாள். ஒருவர் சொல்லி ஒதுங்குவதைவிடத் தானே ஒதுங்கிவிடுவது மரியாதை. வலித்ததா என்றால், வலித்தது.

மஞ்சள் பூச நாத்தனார் மாடத்தி தேனியிலிருந்து வருவதாக ஏற்பாடு. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. நல்ல நேரமோ கழிந்துகொண்டிருந்தது. கொத்தனார் தங்கதுரை சுற்றுமுற்றும் பார்த்தான். நோராவின் விரலில் கல்யாண மோதிரம் மின்னியது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, வெள்ளைக்கார மதாம்மாவே பூசட்டும் என்று கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தான். ஒச்சம்மாள் மணல் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நோரா பதனமாக, ஒரு இடம் விடாமல் பூசினாள். ஒரு பக்கக் காலை முடித்ததும் நிமிர்ந்து ஒச்சம்மாளைத் தேடிக் கையசைத்துக் கூப்பிட்டாள். இவள் தலையாட்டி மறுத்தாள். வீட்டுக்காரி ஏன் அங்கே நிற்கிறாள் என்று நோரா ஸுப்ரியாவிடம் கேட்டாள். ஸுப்ரியா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். நோராவின் கை அப்படியே நின்றது. அவள் மெல்ல ஏதோ சொல்ல, ஸுப்ரியா ஒச்சம்மாள் பக்கம் திரும்பினாள்.

"சேச்சி, இவங்களுக்கும் பர்த்தாவு இல்லை. கழிஞ்ச வருஷம் மரிச்சுப் போயி. மோதிரத்தை மட்டும் கழற்றலை. அங்கே அப்படியொரு பழக்கம் இல்லையாம்."

தங்கதுரையின் முகம் செத்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. யாரையும் குற்றம் சொல்லாமல், தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம், மத்தியானம் இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது, அதற்குள் மாடத்தியும் வந்துவிடுவாள் என்றான். நோரா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விலகி வந்தாள். நேராக மணல் குவியலுக்குப் பின்னால் வந்து ஒச்சம்மாளின் பக்கத்தில் நின்றாள். மஞ்சள் எதிலும் படாதபடி கைகளைத் தள்ளிப் பிடித்திருந்தாள். வாசலைக் கெடுத்துவிட்டேனா என்று கேட்கிறாள் என்றாள் ஸுப்ரியா.

இத்தனை வருஷம் தனக்காக வராத கோபம் அந்த மதாம்மாவுக்காக வந்தது ஒச்சம்மாளுக்கு. ஊரையும் உறவையும் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கல் சுமக்க வந்தவளை மணல் குவியலுக்குப் பின்னால் நிற்கவைப்பதா.

"ஒண்ணும் கெடலைன்னு சொல்லும்மா. கழுவவும் வேண்டாம்" என்றாள்.

தங்கதுரை, "அக்கா, நல்லா யோசிச்சுக்கோங்க" என்றான்.

"மஞ்சளும் குங்குமமுமா நான் இருந்தப்பத்தான் அவரு சாரத்துல இருந்து விழுந்தாரு. அன்னைக்கு அதெல்லாம் அவரைத் தாங்கிப் பிடிச்சுச்சா தம்பி?"

அவன் குனிந்து வாசக்காலின் அடியைப் பிடித்துக்கொண்டான்.

ஒச்சம்மாள் நோராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இன்னொரு பக்கக் கால் பூசாமல் கிடந்தது. கிண்ணத்தில் கையை விட்டு மஞ்சளை அள்ளினாள். பூசிக் குங்குமம் வைத்து, குழியில் நவதானியத்தைத் தானே போட்டாள். இரண்டு பெண்களும் இரண்டு பக்கமும் பிடிக்க, தங்கதுரை தூக்கி நிறுத்தித் தூக்குக்குண்டு பார்த்தான். எல்லார் முன்னாலும் ஒச்சம்மாள் வாய்விட்டு அழுதாள். அவளைப் பார்த்து நோராவும் அழுதாள்.

சாயங்காலம் மாடத்தி வைட்டிலாவில் இறங்கிப் போன் பண்ணினாள். நேரத்துக்கு நிலை வைத்தாயிற்றா, யார் மஞ்சள் பூசியது என்று கேட்டாள். என் பேரைச் சொல்லிவிடு என்று பக்கத்திலிருந்த ஜுமைலா கண்ணைக் காட்டினாள்.

"நான்தான் மதினி பூசுனேன்" என்றாள் ஒச்சம்மாள்.

நீயா என்றது அந்தப் பக்கத்துக் குரல். பிறகு மாடத்தி, மட்டாஞ்சேரிக்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று கேட்டாள்.