மாப்பிள்ளைத் தோழனாக யார் நிற்பது

என்னைப் போன்ற ஒரு முட்டாள் சம்பந்தி எந்தப் பெண் வீட்டாருக்கும் வாய்க்கக்கூடாது. தேநீரும் கேக்கும் தந்து உபசரித்த ஒரு தாயிடம், வாயில் கேக்கை வைத்துக்கொண்டே அவருடைய உறவுகளை எடைபோட்டவன் நான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளைக்காரன் நாட்டுக்கு வந்த நாங்கள் இருப்பது நோர்பரியில். மகன் கட்டப்போகும் பெண்ணின் வீடு பக்கத்தில் ஸ்ட்ரெதமில். அவளுடைய தாத்தா காலத்தில் ஜமெய்க்காவிலிருந்து வந்த குடும்பம். கோயிலில் யாழ்ப்பாண முறைப்படி கல்யாணம் என்றதும் பெண்ணின் தாய் சந்தோஷமாகச் சம்மதித்தார். சடங்குகளை விளக்கிவிட்டு வரும்படி மனைவி என்னை மகனோடு அனுப்பினாள். அது அவள் விட்ட பிழை.

பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன், அவன் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவான், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவான் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்த அம்மா உடனே சோபாவில் இருந்த நெடிய இளைஞனைக் காட்டினார். "இதோ, அவளுடைய தம்பி."

அவன் எழுந்து என் மகனைப் பார்த்து, "மச்சான்!" என்றான். எங்கே பழகினானோ, என் மகனைவிட நன்றாகச் சொன்னான்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஓர் உறவு சொந்தமா, ஒன்றுவிட்டதா, இரண்டுவிட்டதா என்று தெரியாவிட்டால் தண்ணீர் இறங்காதே. உங்கள் மகனா? இல்லை. தங்கை மகனா? இல்லை. கணவர் பக்கமா? அதுவும் இல்லை. "அப்படியென்றால் இரத்த உறவே இல்லையே!" என்று பெரிய துப்பறிவாளன் போல அறிவித்தேன்.

இளைஞன் மெல்ல உட்கார்ந்தான். "அப்பா, ப்ளீஸ், வாயை மூடுங்கோ" என்றான் மகன்.

அந்த அம்மா கோபிக்கவில்லை. என் கோப்பையை நிரப்பிவிட்டுச் சொன்னார். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்தில் அடிமைகள். அடிமைப் பெண் பெற்ற பிள்ளை அவளுக்குச் சொந்தமில்லை, முதலாளிக்குச் சொந்தம். ஒருநாள் முதலாளி தாயை மட்டும் வேறு தோட்டத்துக்கு விற்றுவிட்டான். சிறு மகள் தனித்துப்போனாள். பக்கத்துக் குடிசைக்காரியின் மூத்த மகனை ஏற்கெனவே விற்றிருந்தார்கள். அவள் இந்தச் சிறுமியைத் தூக்கிவந்து தன் கைக்குழந்தைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள். விடுதலை கிடைத்தபின், வளர்ந்துவிட்ட அந்தப் பெண் தோட்டம் தோட்டமாக நடந்து தாயைத் தேடினாள். காணவில்லை. திரும்பி வந்தது வளர்த்தவளின் வீட்டுக்குத்தான்.

"இவன் அந்த வீட்டுப் பிள்ளை. நாங்கள் அந்தச் சிறுமியின் வழி. இன்றுவரை எங்களுக்குள் கல்யாணம் செய்வதில்லை. அக்கா தம்பி எப்படிச் செய்வது?"

கட்டுகிற முறை, கட்டாத முறை என்றால் எனக்கு நன்றாக விளங்கும். வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் இந்த மரமண்டையில் ஏறியிருக்காது. குடும்பத்தைப் பிய்த்து விற்றவர்களுக்கு நடுவில் இவர்கள் ஓர் உறவை உண்டாக்கி, கடல் தாண்டியும் முறை பிசகாமல் வைத்திருக்கிறார்கள். நானோ கேக் தின்றபடி இரத்தம் கேட்கிறேன்.

"தம்பிதான். மன்னித்துவிடுங்கள்" என்றேன்.

"கல்யாணம் செய்துவைக்கிற உங்கள் கோயில் ஐயரும் இப்படிக் கேட்பாரா?" அப்போதுதான் அவர் குரல் தளர்ந்தது. "இவனை அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?"

இளைஞன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உடனே ஐயருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டேன். "ஐயா, பொம்பிளையின்ர தம்பிதான் தோழனா நிக்கப்போறார். கூடப்பிறக்கேல்லை, ஆனா தம்பி. அதாவது ஐயா, அந்தக் காலத்தில ஜமெய்க்காவில..." என்று தொடங்கி, கரும்பு, குடிசை, விடுதலை, நடை என்று மூச்சுவிடாமல் முழுவதையும் சொல்லி முடித்தேன். அறையில் எல்லோரும் போனையே பார்த்திருந்தார்கள்.

"அது சரி, தம்பிக்கு வேட்டி இடுப்பில நிக்குமோ?" என்றார் ஐயர்.