சிவப்பு எரிந்தால் நின்றதாக அர்த்தம்

மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், தேயிலை பாக்டரியில் எனக்கு இருபத்தெட்டு வருடமாக ரோலர் மெஷினில் வேலை. மெஷின் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பதற்கில்லை. சத்தத்தை வைத்தே எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் தலைக்கனம்தான் என்னைக் கவிழ்த்தது. கவிழ்ந்து கிடந்தவனைத் தூக்கிவிட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் மனைவியும் வீடியோ எடுத்துப் போடுவோம். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டின் பின்பக்கம் அடுப்பு மூட்டி அவள் சவ்சவ் கூட்டோ மொச்சைக் குழம்போ வைப்பாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பார்ப்பவர்கள் சொந்தக்காரர்கள், அப்புறம் எஸ்டேட்டை விட்டு போடிப் பக்கம், தென்காசிப் பக்கம் போய்விட்டவர்கள். குழம்பைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுத மாட்டார்கள். எல்லாம் அவள் குரலைப் பற்றித்தான். தேயிலைக் கொழுந்து பறிக்கிற காட்டில் அடுத்த சரிவில் நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. பக்கத்தில் நின்று பேசினாலும் எனக்குக் காது அடைக்கும்.

அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்த பிறகு பழைய குரல் வருமா என்று கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார். திரும்பி வரும் பஸ் பாதி மலை ஏறியிருக்கும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"மகளுக்குப் பிள்ளை பொறக்கப் போவுது. அதுக்கு ஏங் கொரல் தெரிய வேணாமா? ஆப்பரேசனுக்கு முன்னால நாலு வார்த்த நல்லதாப் பேசுறேன், எடுத்து வச்சிருங்க. போன்ல வேணாம். காத்துதான் பேசும்."

அவள் சொன்னது சரி. எங்கள் வீடியோக்களில் பாதிக்கு மேல் மலைக்காற்றுதான் கேட்கும். நல்ல கேமராவுக்கு எங்கே போவது? டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்த மலையாளி ஒருவரிடம் போய் நின்றேன். முன்பின் பழக்கம் கிடையாது. விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு கேமராவையும், சேலையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக்கையும் எடுத்து வந்து மேஜையில் வைத்தார். வயர் இல்லாத மைக். எவ்வளவு தூரம் நடந்தாலும் குரல் கேமராவுக்கு வந்துவிடும் என்றார்.

பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். "அண்ணாச்சி, இந்த பட்டன் அமர்த்தினா சிவப்பு லைட்டு கத்தும். சரியா?"

மலையாளத்தில் விளக்கு எரிவதைக் கத்துவது என்பார்கள். நம் பாஷையில் மனுசன்தான் கத்துவான். இந்த வேடிக்கையை மனதுக்குள் ரசித்துக்கொண்டிருந்ததில் அடுத்து அவர் சொன்னதைக் கோட்டை விட்டேன். போதாததற்கு, ரோலரோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இத்தூண்டு மெஷின் எம்மாத்திரம் என்கிற நினைப்பு வேறு. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் பாக்டரியில் பச்சை எரிந்தால் மெஷின் ஓடுகிறது, சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருடமாக என் கண்ணுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்கினேன். சிவப்பு எரிந்தது. அடடா, நின்றுவிட்டதே என்று மறுபடி அமுக்கினேன். சிவப்பு அணைந்தது. "ம், ஓடுது. பேசு" என்றேன்.

இரண்டு நாள் பேசினாள். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிப்பவர்போல "அன்புள்ள பேரப்பிள்ளைக்கு" என்று தொடங்கிப் பேசினாள். நடுவில் இரண்டு தடவை அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பேசினாள். ஒவ்வொரு தடவை முடித்ததும் நான் பட்டனை அமுக்கி, சிவப்பு எரிவதை உறுதி செய்துகொண்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு அவள் மைக்கைச் சேலையிலேயே விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். எடுத்ததை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கேமராவை அப்படியே ஸ்டூடியோவில் கொடுத்து, சேர்த்து ஒழுங்குபண்ணித் தரச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கட்டியை எடுத்துப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அதற்கு நான் கும்பிடாத சாமியில்லை. ஆனால் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வீடு திரும்பியபின் ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் பாத்திரத்தில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் சாப்பிட வா. இரண்டு தட்டு என்றால் கடைக்குப் போ. மற்றதெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டுவாள். அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்டூடியோவுக்குப் போனதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அண்ணாச்சி, முதல்ல இரிக்கு" என்றார். முகம் சரியில்லை. "பேச்சு ஒண்ணும் பதியல. சிவப்பு கத்தும்போ நீங்க என்ன செய்தது?"

"நின்னுருச்சுன்னு நெனச்சேன் சேட்டா."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் பேசியபோதெல்லாம் கேமரா தூங்கியிருக்கிறது. அவள் பேசி முடித்ததும் விழித்திருக்கிறது. இனி ஒரு தடவை எடுக்கவும் வழியில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஐம்பத்து நாலு வயதுக்காரன், வாய்விட்டு அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்தபிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

திரையில் என் ரப்பர் செருப்பு, மண், கோழி, மறுபடி செருப்பு. ஆனால் குரல் அவளுடையது. அந்தச் சின்ன மைக் ஒரு மூச்சைக்கூடத் தவறவிடவில்லை.

"ஏங்க, அத அங்கிட்டு வச்சிட்டு அடுப்பப் பாருங்க, பொங்கி ஊத்துது! ஏங்க, ஒங்களத்தான். காது என்ன பாக்டரிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

சிவப்பு கத்திய நேரமெல்லாம் அவளும் கத்தியிருக்கிறாள். கோழியை விரட்டியிருக்கிறாள், பக்கத்து வீட்டில் தேங்காய்த்துருவி கேட்டிருக்கிறாள், துணி அலசிக்கொண்டே யாருக்கும் கேட்காது என்று பாடியிருக்கிறாள். ஓரிடத்தில் மெதுவாக, "பிள்ளைக்கு இவரு மூக்கு மட்டும் வந்திரக் கூடாது சாமி" என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

என் காலும் மண்ணுமாக வந்த படத்தை வேறு யாராக இருந்தாலும் வீணென்று அழித்திருப்பார்கள். இவர் அத்தனையையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கல்யாண வேலைகளுக்கு நடுவே, பாதி புரியாத பாஷையில், காற்றிரைச்சலை நீக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பெயர் போட்டு வைத்திருந்தார். 'கோழி', 'பாட்டு', 'மூக்கு'. கடைசியில் ஒன்றுக்கு 'ஏங்க' என்று பெயர். அவள் என்னைக் கூப்பிட்டதையெல்லாம் அதில் ஒன்றாகச் சேர்த்திருந்தார்.

"ஆத்யம் இதுவும் ஒரு கோழியோட பேருன்னு விசாரிச்சு அண்ணாச்சி" என்று, தான் முதலில் அப்படி நினைத்துக்கொண்டதைச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்ற வார்த்தை அந்த நேரத்துக்குப் போதவில்லை. அடுத்த வாரம் ஒரு சாக்கு சவ்சவ் கொண்டுபோய் இறக்கினேன். அதுவும் போதாது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் அவளிடம் போட்டுக் காட்டியபோது முதலில் முறைத்தாள். பட்டுச்சேலை கட்டிப் பேசியதெல்லாம் போச்சே என்கிற கோபம். மூக்கு விஷயம் வந்ததும் தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தமே இல்லாத சிரிப்பு. நோட்டை எடுத்து, 'பிள்ளைக்கு இதையே போடுங்க. பாட்டி இப்பிடித்தான்னு தெரியட்டும்' என்று எழுதினாள். பேத்தி இப்போது அதைக் கேட்டுத்தான் சோறு சாப்பிடுகிறாள். மூக்கு என்னுடையதுதான்.

ஸ்டூடியோக்காரர், நான் அங்கே அழுத அன்றே, இன்னொரு காரியமும் செய்திருந்தார். என் போனை வாங்கி என்னவோ நோண்டிவிட்டுக் கொடுத்தார். என்னவென்று கேட்டதற்கு, "அது பின்னே அறியும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பாக்டரி வாசலில் டீ இடைவேளையில் நின்றிருந்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. "ஏங்க! ஏங்க, ஒங்களத்தான்!"

கூட நின்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நான் டீயைக் கீழே போட்டுவிட்டேன். அவள் நம்பர்தான். மணிச் சத்தத்துக்குப் பதிலாக ஸ்டூடியோக்காரர் அந்த 'ஏங்க'வை வைத்திருக்கிறார். போனை எடுத்துக் காதில் வைத்தால், அந்தப் பக்கம் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டு.

"இந்தா வாரேன்" என்றேன்.